ஒற்றைப் பொட்டு

மைக்ரோவேவில் வைக்கக்கூடிய பாத்திரத்தைத் தெரிந்தெடுப்பது அப்படியொன்றும் கடினமான வேலை அல்ல. கொஞ்சம் பொறுமையும், சின்ன எழுத்தை வாசிக்கக் கண்ணும் இருந்தால் போதும். கண்ணாடி நல்லது, ஆனால் எல்லாக் கண்ணாடியும் அல்ல. பீங்கான் நல்லது, விளிம்பில் பொன் கோடு ஓடாமல் இருந்தால். எவர்சில்வரையும் அலுமினியத்தையும் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, பொறி பறக்கும். பிளாஸ்ரிக் என்றால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் அலையலையாகக் கோடு போட்ட அடையாளம் இருந்தால் வைக்கலாம். ஐஸ்கிறீம் வந்த டப்பாவை வைக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் வெறும் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் ஒரு நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள். தண்ணீர் சுட்டுப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது நல்ல பாத்திரம். பாத்திரம் சுட்டால் அதை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நீங்கள் என்னிடம், இந்த மைக்ரோவேவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் எனக்கு வசதி என்று உங்கள் பொலிஸ் பிள்ளை சாடையாகச் சொன்னா. நல்ல மனம் உள்ள பிள்ளை. ஆனால் நான் இருபத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறவள். பிழை என்று தெரிந்த ஒன்றை எழுதிக் கையெழுத்து வைத்துப் பழக்கமில்லை. அதனால்தான் தாளைத் தாருங்கள், நானே எழுதுகிறேன் என்றேன்.

என் பெயர் சிவனேஸ்வரி. வயது ஐம்பத்திரண்டு. வட்டக்கச்சியில் அப்பாவுக்குக் கிடைத்த காணியில் கட்டிய வீட்டில் இருக்கிறேன். என் தங்கை கௌசலா என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். கடைசிச் சண்டை நேரம், உடையார்கட்டில் ஒரு மாசி மாதக் காலையில் விழுந்த ஷெல்லில் அம்மாவும் அப்பாவும் போனார்கள். கௌசலாவின் இரண்டு கண்களும் போயின. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகாமிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவளை நான்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், முழுக்க. கிணற்றடிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன், தலை இழுத்துப் பின்னுவேன், மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். வேலைக்குப் போக முன் மத்தியானச் சாப்பாட்டை மேசையில் மூடி வைப்பேன். அடுப்படிக்கு அவளை விட்டதே இல்லை. பூநகரியிலிருந்து எனக்கொரு சம்பந்தம் வந்தது. நல்ல மனிதர். தங்கையை ஏதாவது இல்லத்தில் சேர்க்கலாம்தானே என்று கேட்டார். நான் அதற்குப் பிறகு அவருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது அதில் ஒரு நிறைவு இருந்தது.

மைக்ரோவேவை வாங்கித் தந்தவர் கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த எங்கள் மாமாவின் மகன். "இவளும் தன்ரை பாட்டுக்கு ஏதும் சூடாக்கிச் சாப்பிடட்டுமே" என்று சொல்லி, கிளிநொச்சி ரவுணில் வாங்கி, ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நான் மறுக்கவில்லை. அதோடு வந்த ஆங்கிலக் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கௌசலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கதிரை நுனியில் இருந்து கேட்டாள்.

"அக்கா, எது வைக்கலாம் எது வைக்கக் கூடாது எண்டு எனக்கு விரலிலை தெரியவேணும்" என்றாள்.

வழி கண்டுபிடித்தது நான்தான். நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால் எள்ளு மாதிரிக் கெட்டியாக நிற்கும். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழேயும், ஒவ்வொரு மூடியிலும் வைத்தேன். ஒரு பொட்டு என்றால் வைக்கலாம். இரண்டு பொட்டு என்றால் கூடவே கூடாது. இரண்டு நாளில் அவள் பழகிவிட்டாள். அலுமாரிக்குள் கையை விட்டு, பெருவிரலால் ஒரு தடவு தடவி, வேண்டியதை எடுத்துவிடுவாள். என் கண்ணைவிட அது வேகம்.

ஒரு நாள் வேலை முடிந்து வர, வாசலிலேயே கத்தரிக்காய் மணத்தது. "இண்டைக்கு நீங்கோ இருங்கோ, நான் போடுறன்" என்று என்னைக் கதிரையில் இருத்தினாள். சோறு, கத்தரிக்காய்க் கறி, அவித்த முட்டை. முட்டை பக்கத்து வீட்டு மீனம்மா அவித்துக் கொடுத்ததாம். முட்டையைக் கோதோடு மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று நான் வாசித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கோப்பையைக்கூட அவளே வாங்கிக் கழுவினாள். எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து மணிதான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. வவுனியாவில் கண் தெரியாதவர்களுக்கான ஒரு நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனாள். பிரெயில் முன்னமே கொஞ்சம் படித்திருந்தாள். அங்கே தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையும் படித்தாள். அந்த மூன்று மாதமும் நான் வீட்டில் தனியே இருந்தேன். முதற்கிழமை இரண்டு பேருக்கு அரிசி போட்டேன், பிறகு திருத்திக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் நடத்துனரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. வெள்ளி பின்னேரம் சங்கத்தைப் பூட்டிய நேரத்திலிருந்து நான் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நடத்துனர் "என்ன அக்கா, தடிமனோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அவள் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தாள். நடையில் ஒரு வேகம். கோல் ஒன்றைத் தட்டிக்கொண்டு வாய்க்கால் தெரு முடியும் வரை போய் வந்தாள். கிணற்றடிக்கு நான் கையை நீட்டினால், "வேண்டாம் அக்கா, நீங்கோ உங்கடை வேலையைப் பாருங்கோ" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பு எனக்கு விளங்கியது. என் வேலை எது என்பதுதான் விளங்கவில்லை.

வைகாசியில் வேலைக் கடிதம் வந்தது. வவுனியாவில் ஓர் அலுவலகம், அதற்குக் கிட்ட பெண்கள் விடுதியில் தனி அறை. நிலையத்தின் உத்தியோகத்தர் வினோஜா என்னோடு தொலைபேசியில் பேசினா.

"அக்கா, ஒண்டே ஒண்டுதான் மிச்சம். அவா தனியச் சமைச்சுச் சாப்பிடுவாவோ எண்டு நான் ஒருக்கா நேரை பாத்து எழுதிக் குடுக்கவேணும். விடுதி அறையிலை காஸ் அடுப்பு விடமாட்டினம், மைக்ரோவேவ் மட்டும்தான். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாறன்."

"வாங்கோ" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நான் ரவுணுக்குப் போய்ப் புதிய கண்ணாடிப் பெட்டிகள் வாங்கினேன். பழையவை மஞ்சள் ஏறிக் கிடந்தன. வெளியாள் வருகிற வீட்டில் நல்ல பாத்திரம் இருக்க வேண்டும். நீள்சதுரமான தடித்த கண்ணாடி, மூடியில் நாலு பக்கமும் கொளுக்கி, உள்விளிம்பில் ரப்பர் வளையம். "காத்துக்கூடப் போகாது அக்கா, சொதி கொண்டு போனாலும் சிந்தாது" என்று கடைப் பெண் சொன்னாள். வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்துக் கியூட்டெக்ஸ் வைத்தேன். பெட்டிக்கு ஒரு பொட்டு. மூடிக்கும் ஒரு பொட்டு.

புதன்கிழமை பின்னேரம் கௌசலா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். மீனம்மா சுளகைத் திருப்பித் தர வந்து குசினி வாசலில் நின்றா. மீனம்மா மலைநாட்டிலிருந்து எழுபத்தேழில் வந்த குடும்பம். எங்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கம்.

"அக்கா, இந்த மூடியிலை ஆவி போற ஓட்டை இல்லையே?" என்று கௌசலா கேட்டாள். "மற்ற மூடியளிலை நடுவிலை ஒண்டு இருக்கும்."

"இது புது மாதிரி. ஓட்டை தேவையில்லை."

"பூட்டின மாதிரியே வைக்கலாமோ?"

"ஓம்."

"அடியிலை எழுத்து இருக்கே. பாத்தனீங்களோ?"

"பாத்தனான். வைக்கலாம் எண்டுதான் கிடக்கு."

அவள் மறுபடி கேட்கவில்லை. பதினாறு வருடத்தில் நான் அவளுக்கு ஒன்றும் பிழையாகச் சொன்னதில்லை, ஒரு பொட்டும் பிழையாக வைத்ததில்லை. நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்தாள். பருப்பு வை, அது சுகம் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை வினோஜா சொன்ன நேரத்துக்கு வந்தா. குசினியில் கதிரை போட்டு இருத்தினேன். மடியில் ஒரு படிவம், கையில் பேனை. கௌசலா நீலச் சட்டை போட்டு, தலையைத் தானே பின்னியிருந்தாள், வகிடு கொஞ்சம் கோணல். பருப்பைக் கழுவி, மஞ்சள் போட்டு, தண்ணீரை விரலால் அளந்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள் என்று நான் சொல்லத்தான் வேண்டும். முதலில் பீங்கான் சட்டியில் திறந்தபடி அவித்தெடுத்தாள். பிறகு தேங்காய்ப்பால் விட்டு, புதுப் பெட்டிக்குள் மாற்றினாள். பெருவிரலை விளிம்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள், மூடியிலும் வைத்துப் பார்த்தாள். நாலு கொளுக்கியையும் அழுத்திப் பூட்டினாள். நாலு சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் வைத்தாள்.

"விடுதியிலை நான் இப்பிடித்தான் மிஸ், ஒரே பெட்டியிலை வைச்சு அதுக்குள்ளையே சாப்பிடுவன்" என்று சிரித்தாள். வினோஜா படிவத்தில் எதையோ எழுதினா. அவவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, முடிவு நல்லதாகத்தான் வரப்போகிறது என்று.

நான் வாசலில், சற்றுத் தள்ளி நின்றேன்.

மணி அடித்ததும் துணியால் பிடித்து எடுத்து மேசையில் வைத்தாள். கௌசலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கறி கொதிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பாள். குனிந்து கேட்டாள். பிறகு நிமிராமலே கொளுக்கிகளைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் மூடி தானே எழும்பியது.

அவள் கத்தவில்லை. "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். வினோஜா அவளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தா. என்னைத்தான் கூப்பிட்டாள்.

நான் ஓடிப்போய் அவள் கைகளைத் தண்ணீருக்குள் பிடித்தேன். மூடி பறந்த சத்தம் கேட்டு மீனம்மாவும் ஓடிவந்தா. ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்திலும் நாடியிலும் பட்ட புண் ஆறிவிடும் என்றார்கள். கைகள்தான் மோசம். பருப்பு இரண்டு கையிலும் அப்பியிருந்தது, வலது கையில்தான் கூடுதலாக. அவள் பிரெயில் வாசிப்பது வலது சுட்டுவிரலால். தோல் வரும், உணர்ச்சி வருமோ என்று உறுதி சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். வினோஜா அழுதுகொண்டே படிவத்தை முடித்தா. "இப்போதைக்கு முடியாது" என்று எழுதியிருந்தா. நான் எதிர்பார்த்ததும் அந்த அளவுதான்.

பிறகு ஏழு கிழமை. சங்கத்தில் லீவு எடுத்தேன். அவளுடைய இரண்டு கையும் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. காலையில் முகம் துடைத்து, பல் விளக்கிவிட்டு, கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினேன். மத்தியானம் சோற்றைக் குழைத்துச் சின்ன உருண்டையாக வாயில் வைத்தேன். தலை இழுத்து வகிடு நேராக எடுத்தேன். பத்திரிகை வாசித்துக் காட்டினேன், மரண அறிவித்தல் உட்பட. அவள் அதிகம் கதைக்கவில்லை. நான் கதைத்தேன். பகலில் வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் வாழ்க்கையில் எப்போது சந்தோசமாக இருந்தீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த ஏழு கிழமையைத்தான் சொல்வேன். கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆறாம் கிழமை ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் அவள் சொன்னாள்: "அக்கா, அந்தப் பெட்டியையும் மூடியையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ."

"எதுக்கு இப்ப?"

"கொண்டு வாங்கோ."

கொண்டுபோனேன். கைகளில் கட்டு இருந்ததால் வாங்க முடியவில்லை. "என்ரை வாயிலை பிடியுங்கோ" என்றாள். நான் மூடியைப் பிடித்தேன். அவள் கீழுதட்டை விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்தினாள், குழந்தை எதையாவது வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி. பொட்டில் வந்து நின்றாள். அதைத் தாண்டியும் தேடினாள். திரும்பி வந்தாள்.

"ஒண்டுதான்" என்றாள்.

"ஓம். நானும் கவனிக்கேல்லைப் போலை."

"நீங்கோ கவனிக்காமல் விடுற ஆள் இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு காலமும் என்னைப் பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று போலத்தான் இருந்தது.

அடுத்த கிழமை கட்டு அவிழ்த்த பிறகு வினோஜா பார்க்க வந்தா. கௌசலா பெட்டியை அவவிடம் கொடுத்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வினோஜா வெளிச்சத்தில் பிடித்து வாசித்து, தமிழில் சொன்னா. மூடியைக் கழற்றிவிட்டுச் சூடாக்கவும். வேறொன்றும் இல்லை. பிறகு கௌசலா வேலியடியில் நின்று மீனம்மாவைக் கூப்பிட்டாள்.

"மீனம்மாக்கா, அண்டைக்கு நீங்கோ சுளகு கொண்டு வந்தநேரம் நாங்கள் கதைச்சது ஞாபகம் இருக்கோ?"

மீனம்மா என்னைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. "இருக்கு தாயி. ஓட்ட இல்லையேன்னு நீ கேட்ட. அக்கா, புது மாதிரி தேவையில்லன்னாங்க. எழுத்தப் பாத்தாச்சுன்னும் சொன்னாங்க."

அன்றே கௌசலா வினோஜாவோடு போனாள். உடுப்பை வினோஜாதான் மடித்து அடுக்கினா. நான் உதவப் போனேன், கௌசலா கையை உயர்த்தி நிற்பாட்டினாள். படலையடியில் மட்டும் ஒருமுறை நின்றாள்.

"அக்கா, போகாதை எண்டு நீங்கோ ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் நிண்டிருப்பன்."

இதை நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அது சரியல்ல. கேட்டிருந்தால் அவள் என்மேல் இரக்கப்பட்டுத்தான் நின்றிருப்பாள். ஒருவரை இரக்கத்தால் பிடித்து வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

உங்கள் கேள்விகளுக்கு இவ்வளவும் போதும். நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்ததாக இருக்கக் கூடாது. வினோஜா வருவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கௌசலா மீனம்மாவோடு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் அந்தப் பெட்டியைத் தனியே வைத்துப் பார்த்தேன். முதலில் தண்ணீர் விட்டு, பூட்டி, ஐந்து நிமிடம். தள்ளி நின்று அகப்பைக் காம்பால் கொளுக்கியைத் தட்டினேன். மூடி பறந்தது. தண்ணீர் சுவரில் பட்டு வழிந்து போய்விட்டது. கையில் பட்டாலும் உதறினால் போய்விடும், இரண்டு நாளில் மாறிவிடும் என்று நினைத்தேன். பிறகு பருப்பு வைத்துப் பார்த்தேன். அது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது, கத்தியால் சுரண்டித்தான் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பருப்பு வை என்று சொன்னேன். அவள் காது கொடுத்துக் கேட்பாள் என்பதும் எனக்குத் தெரியும். முகத்தில் படாமல் கையில் மட்டும் பட வேண்டும் என்று அன்று காலை விளக்கேற்றிக் கும்பிட்டேன். பெரும்பாலும் அப்படியே நடந்தது.

ஆகவே ஓம், தெரிந்துதான் செய்தேன். இது என் கையெழுத்து.

அவள் இப்போது விடுதியில் இருக்கிறாளாம். இடது கைச் சின்னவிரலால் வாசிக்கப் பழகுகிறாளாம். அலுவலகத்தில் ஆவணி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறார்களாம். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நோவில் இருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த விடுதியில் அவளுடைய பாத்திரங்களை யார் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து விசாரியுங்கள். கண் தெரியாத பிள்ளை, எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். அக்கறை இல்லாத ஆட்களின் கையில் அவள் அகப்பட்டுவிடக் கூடாது.